அப்பாவின் சோர்வுக்கு எந்த மாத்திரை காரணம்?

குளச்சல் பக்கத்துத் தம்பி ஒருவர் சவூதியிலிருந்து கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 58 வயது, வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததாம். அதில் இருதய வால்வு சுருங்கியது தெரியாமலே இத்தனை காலம் ஓடிவிட்டது. போன வருடம் மூச்சு வாங்கி, நெஞ்சு படபடத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இருதயத் துடிப்புக் கோளாறு என்று சொல்லி அசிட்ரோம், மெட்டோப்ரோலால், அமியோடரோன், டிகாக்சின், கூடவே ஒரு நீர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். படபடப்பு குறைந்துவிட்டது. ஆனால் ஆள் எந்நேரமும் சோர்ந்து கிடக்கிறார், சோறு இறங்கவில்லை, குமட்டுகிறது, முகம் கறுத்துப்போய்விட்டது. "எல்லா மாத்திரையையும் ஒரு மாதம் நிறுத்திப் பார்க்கலாமா? கீரை சாப்பிடக் கூடாது என்கிறார்களே, உண்மையா? திரும்பக் கடலுக்குப் போகலாமா?" இவைதான் கேள்விகள்.

நான் டாக்டர் இல்லை. அரசு மருத்துவமனை மருந்தகத்தில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கும் இதே துடிப்புக் கோளாறு உண்டு, நானும் தினம் மாத்திரை விழுங்குகிற ஆள்தான். எதை யாரிடம் எப்போது கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். அளவை மாற்றுவது அவரைப் பார்க்கிற டாக்டரின் வேலை.

முதல் கேள்விக்கு நேரான பதில்: மொத்தமாக நிறுத்தக் கூடாது. ஒருநாள்கூட. அதே சமயம், "டாக்டர் எழுதினதைப் பேசாம தின்னுங்க" என்று அப்பாவை அதட்டவும் வேண்டாம். அவர் சொல்லும் தொந்தரவுகள் பொய்யில்லை. அந்த ஐந்துக்கும் ஒவ்வொரு வேலை உண்டு. ஒன்று தரும் தொல்லைக்காக இன்னொன்றை நிறுத்துவதுதான் நம் ஊரில் வழக்கமாக நடக்கிறது. "எந்த மாத்திரைய விடலாம் அண்ணாச்சி?" என்று மருந்தகச் சன்னலில் கேட்டவர்கள், ஏற்கெனவே விட்டிருந்தது பெரும்பாலும் விடவே கூடாத ஒன்றாக இருக்கும்.

அது அசிட்ரோம், ரத்தம் கட்டி பிடிக்காமல் தடுக்கிற மாத்திரை. காரணம் சொல்கிறேன். இந்தக் கோளாறில் இருதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். ரத்தம் அங்கே தேங்கும். இடது மேலறையின் ஓரத்தில் ஒரு சிறு பை மாதிரி மடிப்பு உண்டு, ரத்தக்கட்டி பிடிப்பது அதிகமும் அதற்குள்தான். அந்தக் கட்டி நகர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில் பல்லாண்டு நடந்த ஆய்வில், இந்தத் துடிப்புக் கோளாறு மட்டும் இருப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு என்று தெரிந்தது. சின்ன வயதில் மூட்டு வீங்கி வரும் அந்த வாதக் காய்ச்சலால் வால்வும் கெட்டிருந்தால் அது 17 மடங்கு. உங்கள் அப்பா இந்த இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறார்.

அசிட்ரோம் செய்யும் உதவி உடம்பில் தெரியாது. படபடப்பைக் குறைக்காது, மூச்சைச் சீராக்காது. போட்டாலும் ஒன்றும் தெரியாது, விட்டாலும் ஒன்றும் தெரியாது. அதனால்தான் "இது எதுக்கு?" என்று முதலில் அதைக் கைவிடுகிறார்கள். விட்டால் இரண்டு நாளுக்குள் அதன் பிடி பெரும்பாலும் போய்விடும். படபடப்பு நின்றுவிட்டதே, இனி எதற்கு என்றும் நினைக்கக் கூடாது. துடிப்பு ஒழுங்குக்கு வந்த பிறகும் சொல்லாமல் கொள்ளாமல் திரும்ப வரும். வால்வுச் சுருக்கமும் அப்படியே இருக்கிறது.

அடிக்கடி ரத்தம் குத்தத் தேவையில்லாத புது மாத்திரைகள் வந்திருக்கின்றனவே, அபிக்சபான், ரிவராக்சபான் என்று, அவற்றை வாங்கி அனுப்பட்டுமா என்றும் தம்பி கேட்டிருந்தார். வால்வு நன்றாக இருப்பவர்களுக்கு அவை நல்ல மருந்துதான், நானும் அதில் ஒன்றைத்தான் எடுக்கிறேன். ஆனால் வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது) சுருங்கியவர்களுக்கு இன்றும் அசிட்ரோம் போன்ற பழைய வகைதான் முதல் தேர்வு. 2022ஆம் ஆண்டு வெளியான இன்விக்டஸ் ஆய்வில் இப்படிப்பட்ட 4,500 பேருக்கு மேல் பார்த்தார்கள். ரிவராக்சபான் எடுத்தவர்களைவிடப் பழைய வகை மருந்து எடுத்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. விலை கூடியது என்பதால் நல்லது என்று ஆகாது. காசை மிச்சம் பிடியுங்கள்.

சரி, இனி அவரைப் படுத்துகிற மாத்திரைகளுக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது சோர்வைவிட அந்தக் குமட்டலும் சோறு இறங்காததும்தான். டிகாக்சின், அமியோடரோன், நீர் மாத்திரை மூன்றும் ஒருவருக்கே போகும்போது மருந்தாளுநர்கள் இரண்டாம் தடவை சீட்டைப் பார்ப்போம். துடிப்பின் வேகத்தை அடக்குகிற டிகாக்சினில் மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி ரொம்பக் குறுகல். அமியோடரோன் சேர்ந்தால் ரத்தத்தில் டிகாக்சின் அளவு ஏறும். அதற்காக டிகாக்சினைப் பாதியாகக் குறைப்பது வழக்கம். நீர் மாத்திரை பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். பொட்டாசியம் குறைந்தால், அளவு ஏறாமலே டிகாக்சின் நஞ்சாக வேலை செய்யும். சிறுநீரகம் கொஞ்சம் மந்தமாக இருந்தால் இன்னும் மோசம். முதல் அறிகுறி, பசி போவதும் குமட்டலும். அதன் பிறகு பார்வையில் மஞ்சள் படிவது, குழப்பம், துடிப்பு மிகவும் குறைவது.

அதனால் இதை அடுத்த மாதச் செக்கப் வரை தள்ளிப்போட வேண்டாம். இன்றைக்கே அந்த டாக்டரைக் கூப்பிட்டு, "டிகாக்சின், அமியோடரோன், நீர் மாத்திரை மூன்றும் எடுக்கிறார், குமட்டுகிறது, சாப்பிடவில்லை" என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். ஈ.சி.ஜி., பொட்டாசியம், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், முடிந்தால் டிகாக்சின் அளவு, இவற்றைப் பார்க்கச் சொல்வார்கள். டாக்டர் கிடைக்கவில்லை, கூடவே தலைசுற்றலோ மயக்கமோ நாடி 50க்குக் கீழோ இருந்தால், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போய்விடலாம். மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. சீட்டில் டிகாக்சினுக்கு நேராக 5/7 என்று எழுதியிருக்கிறதா என்று வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். அப்படியிருந்தால் வாரத்தில் ஐந்து நாள் மட்டும், இரண்டு நாள் இல்லை என்று பொருள். சனி, ஞாயிறு விடச் சொல்வது நம் பக்கம் பழக்கம். இது புரியாமல் ஏழு நாளும் எடுக்கிறவர்கள் உண்டு. இதைத் தவிர வேறு எந்த மாத்திரைக்கும் ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது.

அடுத்தது அமியோடரோன். முகம் கறுப்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். நல்ல மருந்து, சில நேரம் வேறு எதுவும் கேட்காத துடிப்பையும் அடக்கும். ஆனால் உடம்புக்குள் குடியேறிவிடுகிற மருந்து. கொழுப்பில், ஈரலில், நுரையீரலில், தோலில் எல்லாம் போய்த் தங்கும். நிறுத்தினாலும் பாதி வெளியேறவே ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகலாம். இதை எடுக்கிறவர் தோலில் வெயில் பட்டால் சீக்கிரம் எரியும், சிவக்கும். வருடக்கணக்கில் எடுத்தால் வெயில் படும் இடங்களில் நீலமும் சாம்பலும் கலந்த ஒரு கருமை ஏறும். கடலில் மேலிருந்தும் வெயில், தண்ணீரில் பட்டுத் தெறித்தும் வெயில். நிழலுக்கு ஒதுங்க இடமே இல்லாத தொழில். முழுக்கைச் சட்டை, கழுத்து மறைகிற தொப்பி, முகத்துக்கும் புறங்கைக்கும் துத்தநாக ஆக்சைடு சேர்ந்த வெயில் களிம்பு. அப்பா களிம்பு பூச வெட்கப்படுவார், தெரியும். துண்டை முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டாலும் பாதி வேலை நடக்கும்.

தோல் பார்வைக்குத்தான் தொல்லை. கவனிக்க வேண்டியது தைராய்டு. 200 மில்லிகிராம் அமியோடரோன் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. அதிலிருந்து தினம் 6 மில்லிகிராம் போல உடம்பில் பிரிந்து சேரும். நமக்கு ஒருநாள் தேவை வெறும் 150 மைக்ரோகிராம். கணக்குப் போட்டால் 40 மடங்கு. இதில் தைராய்டு சிலருக்குப் படுத்துவிடும்: சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், எடை கூடுதல், எதிலும் பிடிப்பில்லாமை. வீட்டில் எல்லாரும் "வயசாயிட்டு" என்றோ "நோய் வந்த கவலை" என்றோ நினைத்துக்கொள்வார்கள். சிலருக்கு நேர்மாறாகத் தைராய்டு எகிறும்: எடை குறையும், கை நடுங்கும், அடங்கியிருந்த படபடப்பு திரும்ப வரும். மருந்தை நிறுத்திச் சில மாதம் கழித்துக்கூட இது வரலாம். அதனால் டி.எஸ்.எச். என்ற தைராய்டு பரிசோதனையும் ஈரல் பரிசோதனையும் மருந்து தொடங்கும்போதும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவையும் செய்ய வேண்டும். போன வருடம் தொடங்கியவர் என்றால் அப்பாவுக்கு இதுவரை செய்ததா என்று கேளுங்கள். செய்யவில்லை என்ற பதில்தான் வரும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நுரையீரலும் கண்ணும் மிச்சம். வறட்டு இருமல் வந்து விடாமல் இருந்தால், அல்லது முன்பைவிட மூச்சு அதிகம் வாங்கினால், கடல்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று இருமல் மருந்து வாங்கிக் குடித்து நாளைக் கடத்தக் கூடாது. அமியோடரோன் அபூர்வமாக நுரையீரலைத் தடிக்க வைக்கும். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். கண்ணின் கருவிழியில் நுண்ணிய படிவு விழுவது ரொம்ப சகஜம். பெரும்பாலும் பார்வை கெடாது. ஆனால் இருட்டில் விளக்குகளைச் சுற்றி ஒளி வளையம் தெரியும். முட்டம் கலங்கரை விளக்கைப் பார்த்து ராத்திரி கரை திரும்புகிறவருக்கு அது சின்ன விஷயமில்லை. அப்படித் தெரிகிறதா என்று நீங்களாகவே கேளுங்கள், அவராகச் சொல்ல மாட்டார். பார்வை திடீரென மங்கினால் மட்டும் அன்றே கண் டாக்டர்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒரு கேள்வியை உங்கள் கையில் தருகிறேன். "அப்பாவின் துடிப்பு இப்போது ஒழுங்காகிவிட்டதா, இல்லை கோளாறாகவே ஓடிக்கொண்டு வேகம் மட்டும் குறைந்திருக்கிறதா?" அமியோடரோன் முக்கியமாகத் துடிப்பை ஒழுங்குக்குக் கொண்டுவந்து நிறுத்தி வைப்பதற்கான மருந்து. துடிப்பு இனி ஒழுங்குக்கு வராது, வேகத்தை மட்டும் அடக்கினால் போதும் என்று டாக்டர் முடிவு செய்துவிட்டால், அமியோடரோன் இன்னும் எதற்கு என்று கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. ஒரு ஈ.சி.ஜி. பதில் சொல்லிவிடும். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது தொடங்கிய மருந்து, யாரும் கேட்காததால் சீட்டுக்குச் சீட்டு நகலாகிக்கொண்டே வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்டால் பெரும்பாலான டாக்டர்கள் கோபப்படுவதில்லை.

டாக்டரே அதை நிறுத்தினால் ஒரு விஷயம் ஞாபகம் வேண்டும். அமியோடரோன் அசிட்ரோமின் வேகத்தைக் கூட்டும். இரண்டும் சேரும்போது அசிட்ரோமை மூன்றில் ஒரு பங்கோ பாதியோ குறைக்க வேண்டியிருக்கும். நிறுத்தினால் அந்தத் தாக்கம் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும், அசிட்ரோமை அதற்கேற்பக் கூட்ட வேண்டிவரும். அந்த மாதங்களில் ஐ.என்.ஆர். பரிசோதனை அடிக்கடி தேவை. ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டுகிற எண் அது, ஏறினால் ரத்தம் கசியும் அபாயம்.

மெட்டோப்ரோலால் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வால்வு சுருங்கியிருப்பவருக்கு மேலறையிலிருந்து கீழறைக்கு ரத்தம் இறங்க நேரம் வேண்டும். துடிப்பு வேகமானால் அந்த நேரம் கிடைக்காது, நுரையீரலில் ரத்தம் தேங்கி மூச்சு முட்டும். எனவே வேகத்தைக் குறைக்கும் இந்த மாத்திரை அவருக்கு அவசியம். சோர்வு, கை கால் சில்லிடுதல், கெட்ட கனவு எல்லாம் இதனால் வரலாம், சில வாரங்களில் பலருக்குக் குறையும். ஆண்மைக் குறைவும் சிலருக்கு வரும். மகனிடம் சொல்ல மாட்டார், டாக்டரிடம் தனியாகப் பேச விடுங்கள். சர்க்கரை நோயும் இருந்தால், சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இது மறைத்துவிடும், வியர்வை மட்டும்தான் எச்சரிக்கை. ஆஸ்துமா இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கு மாற்றலாம். ஆனால் சட்டென நிறுத்தினால் துடிப்பு பாய்ந்து ஏறும்.

ஆக, அவருடைய சோர்வுக்கு மெட்டோப்ரோலால் காரணமாக இருக்கலாம், தைராய்டு காரணமாக இருக்கலாம், டிகாக்சின் கூடியதாக இருக்கலாம். அசிட்ரோமால் வயிற்றுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்து ஹீமோகுளோபின் குறைந்திருக்கலாம். வால்வே இன்னும் சுருங்கியிருக்கலாம், அப்படியானால் வால்வை விரிக்கும் பலூன் சிகிச்சையோ அறுவையோ யோசிக்க வேண்டிய கட்டம். ஒரு ஈ.சி.ஜி., ஒரு எக்கோ (இருதய ஸ்கேன்), டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், பொட்டாசியம், கிரியாட்டினின், ஐ.என்.ஆர். இத்தனையும் சேர்ந்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். எல்லாவற்றையும் ஒரு மாதம் நிறுத்திப் பார்த்தால் இதில் ஒன்றும் தெரியாது. கை கால் விழுந்தால் மட்டும் தெரியும்.

கீரைக் கேள்விக்கு வருகிறேன். அசிட்ரோம் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்துத்தான் ரத்தம் உறைவதைக் குறைக்கிறது. முருங்கைக்கீரை, மற்ற பச்சைக் கீரைகளில் அந்த வைட்டமின் நிறைய உண்டு. அதனால் "கீரையே தொடாதே" என்று ஊர் முழுக்க ஒரு சட்டம் ஆகிவிட்டது. தேவையில்லை. வாரம் இரண்டு நாள் கீரை என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள், ஏறக்குறைய அதே அளவு. அதற்கேற்பத்தான் மாத்திரை அளவு அமையும். கெடுதல் வருவது இரண்டு மாதம் கீரையே இல்லாமல் இருந்துவிட்டு, வீட்டு முருங்கை தழைத்ததும் தினம் பொரியல், சூப்பு என்று இறங்கும்போது. மரச்சீனியும் மீன்கறியும், கஞ்சியும் பயறும், மட்டிப் பழமும் தாராளமாகச் சாப்பிடலாம். உப்பு மட்டும் குறையட்டும், கருவாடும் ஊறுகாயும் அவருக்கு ஆகாது. சோறே இறங்காத நாட்களில் ஐ.என்.ஆர். ஏறிவிடும், இது பலருக்குத் தெரிவதில்லை. இப்போது அவர் சரியாகச் சாப்பிடாமல் இருப்பதால், இந்த வாரமே ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

ஐ.என்.ஆர். அவருக்கு 2க்கும் 3க்கும் நடுவே இருக்க வேண்டும். நிலையாக இருந்தால் மாதம் ஒரு தடவை போதும், ஏதாவது மருந்து மாறினால் அந்த வாரமே. ஒரே ஆய்வகத்தில் பார்த்து, தேதியும் எண்ணும் மாத்திரை அளவும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் அளவைப் பார்த்து ஒப்பிடக் கூடாது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய உலோக வால்வு பொருத்தியவர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். செயற்கை வால்வுக்காரர்களுக்கு இலக்கு பெரும்பாலும் இதைவிட அதிகம். அது வேறு கணக்கு.

அட்டையைப் பார்த்து வாங்குவதும் முக்கியம். அசிட்ரோம் 1, 2, 3, 4 மில்லிகிராம் என்று வருகிறது. பெயர் ஒன்றுதான், பின்னால் இருக்கும் எண்தான் வேறு. மாத்திரை தீர்ந்ததும் வெறும் அட்டையைக் கொடுத்தனுப்பி "இதே மாதிரி" என்று வாங்கும்போது எண் மாறினால் அளவு இரட்டிப்பாகும். மாலையில் ஒரே நேரத்தில் போட வேண்டும். மறந்தால் அன்று ராத்திரிக்குள் ஞாபகம் வந்தால் போடலாம், மறுநாள் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது.

இப்போது உங்களுக்கு, வெளிநாட்டில் இருக்கிறவருக்கு. ஊருக்கு வரும்போது பெட்டியில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். கோடாலித் தைலம், பனடால், மீன் எண்ணெய் மாத்திரை. இந்த மூன்றும் அப்பாவுக்கு யோசித்துத்தான். கோடாலித் தைலம் போன்ற வலித்தைலங்களில் மீத்தைல் சாலிசிலேட் என்ற பொருள் உண்டு, ஆஸ்பிரினுக்குச் சொந்தக்காரன். எப்போதாவது நெற்றியில் தொட்டுக்கொள்வதில் ஒன்றுமில்லை. முழங்காலிலும் முதுகிலும் தினம் இரண்டு வேளை அழுத்தித் தேய்த்தவர்களுக்கு ஐ.என்.ஆர். ஏறி ரத்தம் கசிந்ததாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. பனடால் என்பது பாராசிட்டமால்தான், வலிக்கு இவருக்கு இருப்பதில் அதுவே பாதுகாப்பானது. ஆனால் தினம் நாலு மாத்திரை வீதம் தொடர்ந்து ஒரு வாரம் போட்டால் அதுவும் ஐ.என்.ஆரை ஏற்றும். மீன் எண்ணெய் மாத்திரை வேண்டவே வேண்டாம். அதிக அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் இதே துடிப்புக் கோளாறு கூடியிருக்கிறது. தினம் சாளையும் நெத்திலியும் சாப்பிடுகிற மனிதருக்கு அதைப் புட்டியில் வாங்கிக் கொடுப்பதும் ஒரு வேடிக்கைதான்.

உள்ளூரிலும் கவனம் வேண்டும். முதுகுவலி என்று போனால் டைக்ளோஃபினாக் ஊசி போட்டு அனுப்புகிற இடங்கள் எல்லா ஜங்ஷனிலும் உண்டு. அந்த மருந்தும் ஆகாது, இடுப்புத் தசையில் குத்துவதும் ஆகாது, உள்ளே ரத்தம் கட்டும். ஈரத்திலேயே நிற்கிற காலுக்குச் சேற்றுப்புண் வரும், அதற்கு ஃப்ளூகோனசோல் கொடுப்பார்கள். வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல். இரண்டும் அசிட்ரோமை எகிற வைப்பவை. "நான் அசிட்ரோம் எடுக்கிறேன்" என்பது எந்த டாக்டரிடமும், பல் டாக்டர் உட்பட, அவர் வாயில் முதலில் வர வேண்டிய வாக்கியம். பல் பிடுங்குவதற்காகத் தானாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது, ஐ.என்.ஆர். சரியாக இருந்தால் நிறுத்தாமலே பிடுங்கலாம். நெஞ்சுவலி என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் தமிழக அரசின் இதயம் காப்போம் திட்டத்தில் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் உடனே கொடுப்பார்கள். அங்கேயும் இதை முதலில் சொல்ல வேண்டும்.

வர்ம ஆசான்களைப் பற்றிச் சொல்லாமல் குமரி மாவட்டத்துக்காரருக்குப் பதில் எழுத முடியாது. அடிபட்டால், சுளுக்கினால் தடவலுக்குப் போவது நமக்குப் பழக்கம், அதில் தேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அசிட்ரோம் எடுக்கிறவருக்கு அழுத்தித் தடவினால் தசைக்குள் ரத்தம் கட்டி வீங்கும். எண்ணெய் பூசி மெல்ல நீவுவதோடு நிற்கட்டும், ஆசானிடம் மாத்திரை விவரத்தைச் சொல்லிவிடட்டும். கஷாயம், சூரணம் சாப்பிட ஆசைப்பட்டால் கோட்டாறு அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி மாதிரி ஓர் இடத்தில் சீட்டைக் காட்டிக் கேட்டுவிட்டு, இருதய டாக்டரிடமும் சொல்லிவிட்டுத் தொடங்கலாம். என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத பொட்டலம் மட்டும் வேண்டாம். குடியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. இருந்தால், ஒருநாள் அதிகம் குடித்தாலே அடங்கிய துடிப்பு கிளம்பிவிடும்.

கடைசியாகக் கடல். வால்வு எக்கோவும் ஈ.சி.ஜி.யும் பார்த்து டாக்டர் சரி என்றால், தலைசுற்றலும் மயக்கமும் இல்லை என்றால், கரையோரத் தொழிலுக்குப் போகலாம் என்றே நினைக்கிறேன். தொழிலே அடையாளமாக வாழ்ந்தவரை வீட்டில் உட்கார வைத்தால் வேறு நோய் வரும். ஆனால் தனியாக வேண்டாம். இப்போது இருக்கிற குமட்டலும் சோர்வும் என்னவென்று தெரியும் வரை போகவே வேண்டாம். தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்துப் படகுகளில் வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறார்களே, அது இவருக்கு இனி இல்லை. அங்கே ஐ.என்.ஆர். பார்க்கவும் முடியாது, ரத்தம் நிற்காவிட்டால் கரை சேரவும் நாளாகும்.

போகும் நாளில் கையுறை, சுத்தமான துணிக்கட்டு இரண்டு மூன்று. தூண்டிலோ கத்தியோ கெளுத்தி முள்ளோ கிழித்தால், எடுத்து எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கரை. வள்ளத்து விளிம்பில் தலை மோதினால், ஒன்றுமில்லை என்று தோன்றினாலும் அன்றே ஆஸ்பத்திரி, தலைக்குள் கசிவு மெதுவாகத்தான் தெரியும். தார் மாதிரி கறுப்பாக மலம் போவது, கட்டன் சாயா நிறத்தில் சிறுநீர், பல் தேய்த்தால் நிற்காத ரத்தம், அடிபடாமலே பெரிய கன்றல், இவற்றில் எது வந்தாலும் அதேபோல் அன்றே ஆஸ்பத்திரி. பெயர், மாத்திரைகள், கடைசி ஐ.என்.ஆர்., ஒரு போன் நம்பர், இவற்றை ஒரு தாளில் எழுதி பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கூடப் போகிறவர்களுக்கும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் தளர்ந்தால், பேச்சு குழறினால், தூங்கி எழுந்தால் சரியாகும் என்று படுக்க வைக்கக் கூடாது. நேரத்தைக் குறித்துக்கொண்டு கரைக்கு வந்து 108. கட்டியைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் கெடு. அசிட்ரோம் எடுப்பவருக்கு அந்த ஊசி போடலாமா என்பதை ஐ.என்.ஆர். பார்த்துத்தான் முடிவு செய்வார்கள், அதனால் அந்தத் தாளும் கூடவே போக வேண்டும்.

வீட்டில் அம்மாவுக்கு நாடி பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். பெருவிரல் பக்க மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். துடிப்பு ஒழுங்கில்லாதவருக்கு 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் கணக்கு தப்பும். பி.பி. மெஷின் காட்டும் நாடியையும் முழுசாக நம்ப வேண்டாம், பி.பி.யையே மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். அந்த எண்களை ஐ.என்.ஆர். நோட்டிலேயே எழுதட்டும்.

முதலில் டாக்டருக்குப் போன் போடுங்கள் தம்பி. டிகாக்சின் விஷயம் தெளிந்ததும் ரிப்போர்ட்டில் என்ன எண் வந்தது என்று எழுதுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.